கடலைத்தோலையும் உமியையும் சிறிய வாயுவாக்க அடுப்பில் எரிப்பது எப்படி?

மல்லாட்டை வீடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திண்டிவனத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் சிறிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் விளைவதை உடைத்துக் கொடுப்பதோடு, நானும் என் நாத்தனாரும் வாரத்தில் நான்கு நாள் கடலை உருண்டை பிடித்துக் கடைகளுக்குப் போடுகிறோம். 100 கிலோ காயை உடைத்தால் ஏறத்தாழ 30 கிலோ தோல் மிஞ்சுகிறது. செங்கல் சூளைக்காரர்கள் வந்தால் அள்ளிக்கொண்டு போவார்கள். வராத மாதங்களில் கொட்டகையின் ஒரு பக்கம் முழுவதும் தோல்தான் குவிந்து கிடக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அடியில் சிறிய விசிறி வைத்த வாயுவாக்க அடுப்பு ஒன்றை வாங்கினோம்; எரிபொருளிலிருந்து வாயுவை வரவழைத்து அந்த வாயுவை எரிக்கும் அடுப்பு அது. விரல் நீளத்துக்கு அழுத்திச் செய்த பெல்லட்டுகளை அதன் குழியில் நிரப்பி, மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய் தெளித்துப் பற்றவைத்தால், ஒரு மணி நேரம் ஒரே சீரான நெருப்பு கிடைக்கும். புகை அநேகமாக இருக்காது. விற்றவர்கள் இப்போது பெல்லட் அனுப்புவதில்லை. அதே அடுப்பில் எங்கள் வீட்டுத் தோலையே போட்டுப் பார்க்கலாமே என்று நினைத்துத்தான் தொடங்கினேன்.

குழி நிறையத் தோலைப் போட்டுப் பற்றவைத்தால் முதல் ஐந்து நிமிடம் நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்புகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. அடங்கும்போது மேலே இன்னும் இரண்டு கை தோலைப் போட்டால் நெருப்பு அணைந்து, கண்ணைத் திறக்க முடியாத மஞ்சள் புகை வருகிறது. அரிசி ஆலையிலிருந்து வாங்கி வந்த உமியையும் போட்டுப் பார்த்தேன். அது மேற்பரப்பில் மட்டும் கருகிவிட்டு நின்றுபோயிற்று.

எங்கள் வேலைக்கு நெருப்பு நடுவில் தளரக் கூடாது. வெல்லப் பாகு உருட்டுப் பதத்துக்கு வந்ததா என்று பார்க்க, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுக் கையால் திரட்டித் தட்டில் போடுவோம். கல் விழுந்ததுபோல் ஓசை கேட்க வேண்டும். அந்தப் பதத்துக்குச் சற்று முன் நெருப்பு இறங்கிவிட்டால், மறுபடியும் ஏற்றி இறக்கியதில் உருண்டை மறுநாளே பிசுபிசுத்துப் போகும். புகை பட்ட பாகில் வாடையும் ஏறிவிடுகிறது. ஒரு முறை 4 கிலோ வெல்லம் அப்படி வீணாயிற்று.

தோலை இந்த வகை அடுப்பில் எரிக்கவே முடியாதா, நான் போடும் முறையில்தான் பிழையா? எரியும்போது மேலே போட்டு நிரப்புவதற்கு ஏதேனும் வழி உண்டா? உமிக்கு வேறு அடுப்புதான் வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சல்லடை

வணக்கம் சகோதரி. கோவையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். இந்த வகை அடுப்புகளைச் செய்தும் பழுது பார்த்தும் பழகியவன். நீங்கள் கண்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

இத்தகைய வீட்டு அடுப்பின் எரிகுழி பெரும்பாலும் 1 லிட்டர் அளவில்தான் இருக்கும். தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். பெல்லட்டாக இருந்தால் அதில் சுமார் 600 கிராம் அடங்கும். உடைத்த கடலைத்தோல் காற்றடைத்த பொருள். அதே குழியில் 100 கிராம்தான் கொள்ளும். எடைக்கு எடை பார்த்தால் தோலின் வெப்பம் பெல்லட்டைவிட அதிகம் குறைந்ததில்லை, ஏனென்றால் பெல்லட்டே பல இடங்களில் கடலைத்தோலை அரைத்து அழுத்திச் செய்ததுதான். ஆக, 600 கிராம் ஒரு மணி நேரம் எரிந்த அடுப்பில் 100 கிராம் பத்து நிமிடம் எரிகிறது. உங்கள் அடுப்பு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

அடுத்தது, மேலே போட்டு நிரப்புவது. இந்த அடுப்பில் நெருப்பை மேலே வைக்கிறோம், காற்று கீழிருந்து வருகிறது. எரிமுகம், அதாவது எரிந்துகொண்டிருக்கும் அடுக்கு, மெல்ல மெல்லக் கீழ்நோக்கி இறங்கும். தனக்குக் கீழே உள்ள எரிபொருளைச் சுட்டு அதிலிருந்து வாயுவை வெளியேற்றும். அந்த வாயு, எரிமுகத்துக்கு மேலே ஏற்கெனவே கரியாகிச் சிவந்திருக்கும் அடுக்கின் ஊடாக ஏறும்போது அதிலுள்ள தார் பெருமளவு சிதைந்துவிடுகிறது. விளிம்புத் துளைகளின் வழியே வரும் இரண்டாம் காற்றோடு கலந்து அது எரிவதைத்தான் நாம் சுடராகப் பார்க்கிறோம். 1 கிலோ காய்ந்த எரிபொருள் முழுமையாக எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று தேவை. அதில் கால் பங்கு அளவே கீழிருந்து போக வேண்டும், மீதி மேலே சேர வேண்டும். இந்தப் பங்கீடுதான் அடுப்பின் உயிர். 1980களில் அமெரிக்காவில் தாமஸ் ரீடும், நார்வேயைச் சேர்ந்த பால் வெண்டெல்போவும் தனித்தனியாக இந்த முறையை அடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எச். எஸ். முகுந்தாவின் குழுவினர் பெல்லட்டுக்கென்று விசிறி வைத்து வடிவமைத்த அடுப்பும் இதே தத்துவம்தான்.

சிவந்த கரியின் மேல் பச்சைத் தோலைப் போட்டால் என்ன ஆகும்? கரிக்கு மேலே கிடக்கும் தோல் சுடப்பட்டு விடும் வாயு, கரியைக் கடக்காமல் நேரே வெளியேறுகிறது. தார் சிதையவில்லை, சுடரும் குளிர்ந்துவிட்டது. நீங்கள் கண்ட மஞ்சள் புகை அதுதான். எனவே எரியும் நேரத்தில் மேலே போடுவதை மறந்துவிடுங்கள். இது ஒரு கொள்ளல் (ஒருமுறை உருளை கொள்ளும் அளவு) நிரப்பி, முழுதும் எரிந்து முடித்து, கொட்டிவிட்டு, மறுபடியும் நிரப்பும் அடுப்பு.

அப்படியானால் ஒரு கொள்ளலின் நேரத்தை நீட்டுவதுதான் வழி. இங்கே ஒரு விதியை நினைவில் வையுங்கள்: எரிகுழியின் அகலம் நெருப்பின் பலத்தைத் தீர்மானிக்கிறது, உயரம் நேரத்தைத் தீர்மானிக்கிறது. பலர் அகலமான டின்னை எடுத்து அடுப்பாக்கிவிட்டு, நெருப்பு பலமாக வந்து சீக்கிரம் தீர்ந்துவிட்டதே என்று வருந்துவார்கள். உங்கள் பாகு வேலைக்கு 15 சென்டிமீட்டர் விட்டமும் 45 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட உருளை பொருந்தும் என்று நினைக்கிறேன். அதன் கொள்ளளவு சுமார் 8 லிட்டர். தோலைக் காலால் மிதித்தோ உலக்கையால் இலேசாக இடித்தோ நகக்கண் அளவுக்கு நொறுக்கிக்கொண்டால், அதில் 1 கிலோவுக்கு மேல் அடங்கும். பொடியாக்கிவிடக் கூடாது. பொடி இடுக்குகளை அடைத்துக் காற்றை ஒரே பக்கமாகத் திருப்பிவிடும். பிறகு அந்தப் பக்கம் மட்டும் குகைபோல் எரிந்து இறங்கும்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். காயை இயந்திரத்தில் போடும் முன் பருப்பு உடையாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கிறீர்களா? நம் பக்கத்தில் பலரும் செய்வதுதான். அந்தத் தண்ணீர் முழுவதையும் தோல்தான் குடித்திருக்கும். பார்வைக்குக் காய்ந்ததுபோல் தெரியும் தோலில் எடையில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் இருந்தால், எரிமுகம் தன் வெப்பத்தை அதை ஆவியாக்குவதிலேயே செலவழித்துவிடும். வெயிலில் பரப்பிய மறுநாள் தோலைக் கையில் நெரித்துப் பாருங்கள். முறுமுறுவென்று உடைய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை.

இரண்டாவது, மண். கடலை நிலத்துக்குள் காய்ப்பது, தோலின் வரிகளுக்குள் செம்மண் ஒட்டிக்கொண்டே வரும். தோலின் சொந்தச் சாம்பல் குறைவுதான். ஒட்டிவரும் மண்தான் அடித்தட்டின் துளைகளில் இறங்கி அடைக்கிறது. கால் அங்குலக் கண்ணுள்ள சல்லடையில் ஒரு முறை சலித்துவிட்டு, கீழே விழுந்ததை எருக்குழியில் போடுங்கள். இவ்வளவு சின்ன வேலையைச் செய்யாமல் அடுப்பைக் குறை சொல்லி ஓரம் கட்டிய வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

உங்கள் ஊர்ப் பக்கம் சவுக்கு அதிகம். சவுக்கு மிளாரை விரல்நீளமாக வெட்டி, உருளையில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, இடையில் தோலைக் கொட்டிப் பாருங்கள். மிளார் எலும்புக்கூடுபோல் நின்று தாங்குவதால் தோல் சரிந்து குகை விழுவது குறையும், எரியும் நேரமும் கூடும்.

இரணைமடு

வணக்கம். கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். உமியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டில் எரிவாயு சிலிண்டருக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில்தான் எங்கள் வீட்டில் உமி அடுப்பு வந்தது. இன்றும் பாதிச் சமையல் அதில்தான் நடக்கிறது.

நாங்கள் பின்பற்றியது பிலிப்பைன்ஸ் நாட்டு முறை. இலோய்லோ நகரிலுள்ள சென்ட்ரல் பிலிப்பைன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அலெக்சிஸ் பெலோனியோ, உமிக்கென்றே ஓர் அடுப்பை வடிவமைத்து, அதைச் செய்யும் முறையையும் கைந்நூலாக எழுதிப் பொதுவில் வைத்தவர். 2008இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 15 அல்லது 16 சென்ரிமீற்றர் விட்டமும் 60 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள உருளை, அடியில் ஒரு சிறு விசிறி, மேலே துளையிட்ட எரிமுனை, அவ்வளவுதான். ஒருமுறை 1 கிலோவுக்குச் சற்று மேல் உமி கொள்ளும், முக்கால் மணி நேரம் எரியும். கணினிக்குள் இருக்கும் 12 வோல்ற்று விசிறியையே நாங்கள் பொருத்தியிருக்கிறோம். மோட்டார் சைக்கிள் மின்கலத்தில் ஓடுகிறது.

உங்கள் உமி மேற்பரப்பில் கருகி நின்றதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, விசிறியின் அழுத்தம் போதவில்லை. மற்றது, எந்த ஆலை உமி என்பது. பழைய ஹல்லர் ஆலையில் உமியும் தவிடும் ஒன்றாக அரைபட்டு மாவு கலந்து வரும்; அது மாட்டுத் தீவனத்துக்கு ஆகும், இந்த அடுப்புக்கு ஆகாது. றப்பர் உருளையில் உரித்த உமி முழுதாக, படகு வடிவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடக்கும். அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். கையில் அள்ளி ஊதினால் உள்ளங்கையில் தவிட்டு மா ஒட்டியிருக்கக் கூடாது. நானும் முதல் மாதம் முழுவதும் ஹல்லர் உமியைப் போட்டுவிட்டு விசிறியைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

நிரப்பும்போது அமுக்காதீர்கள். கொட்டி, உருளையின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினால் போதும். காகிதத்தை ஒரே இடத்தில் பற்றவைக்காமல், துண்டுகளாக மேற்பரப்பு முழுவதும் பரப்பிக் கொளுத்துங்கள். விசிறியைக் குறைந்த வேகத்தில் விட்டு, மேற்பரப்பு எல்லா இடத்திலும் கறுத்துச் சிவந்த பிறகே எரிமுனையை மூடுங்கள். முதலில் தடித்த வெள்ளைப் புகை வரும். அதுதான் உங்கள் எரிவாயு. எரிமுனையின் மேல் ஒரு தீக்குச்சியைக் காட்டினால் அந்தப் புகையே தீயாக மாறும். நன்றாக ஓடும்போது சுடர் நீலமும் இளஞ்சிவப்புமாக இருக்கும்.

உமிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அதன் எடையில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. எனவே வாயு முழுதும் போன பிறகும் உமி சுருங்காமல் அதே வடிவத்தில் கறுப்பாக நிற்கும். படுகை சரியாது, குகை விழாது, ஆனால் உருளை நிறையக் கரியுமி இருக்கும். அதைக் கொட்டாமல் அடுத்த கொள்ளல் போட முடியாது. எரிமுகம் அடித்தட்டை அடைந்ததும் சுடர் திடீரென்று சிறுத்துவிடும். அந்தக் கணத்தில் விசிறியை நிறுத்திக் கரியுமியைத் தகரப் பெட்டியில் கொட்டி மூடிவிட வேண்டும். விசிறியை ஓடவிட்டால் கரியும் எரிந்து, வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி, சாம்பல் உருகிக் கிட்டமாக இறுகிவிடும். எங்கள் முதல் அடித்தட்டு அப்படித்தான் வளைந்தது. அதிவெப்பத்தில் வெந்து வெளுத்த உமிச் சாம்பலின் தூசு மூச்சுக்குக் கேடு. கறுப்பாக இருக்கும்போதே எடுத்துத் தண்ணீர் தெளித்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது மிளகாய் நாற்றுமேடைக்குப் போகிறது.

பாகு காய்ச்ச உமி அடுப்பை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன், காரணம் உயரம். 60 சென்ரிமீற்றர் உருளையின் மேல் எரிமுனை, அதன் மேல் கொதிக்கும் வெல்லம் என்றால், சட்டி இடுப்பு மட்டத்துக்கு வந்துவிடும். பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். எந்த உருளையைச் செய்தாலும் பாதியைத் தரைக்குள் இறக்கியோ சுற்றிலும் கல் கட்டியோ அசையாமல் வையுங்கள்.

பனங்கொட்டை முளைவிட்ட பின் மிஞ்சும் ஊமல் இங்கே நிறையக் கிடைக்கும். இரண்டாகப் பிளந்து காயவைத்துப் போட்டால் மரத்துண்டுக்கு நிகராக எரிகிறது. உங்கள் பக்கம் பனை இருந்தால் அதையும் பாருங்கள்.

பொள்ளாச்சித் தோப்பு

இடையில் ஒரு கேள்வி. எங்களிடம் மட்டை அடித்த பின் மிஞ்சும் தென்னை நார்க்கழிவு மலையாகக் குவிந்திருக்கிறது. அதை இந்த அடுப்பில் போடலாமா?

சல்லடை

போடாதீர்கள் ஐயா. தன் எடையைப்போல் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் அது. வெயிலில் காய்ந்தாலும் இரவுப் பனியிலேயே மறுபடியும் ஈரம் ஏறும். காய்ந்தது பொடியாக இருப்பதால் காற்றும் நுழையாது. உப்பும் பொட்டாசியமும் உள்ளதால் சாம்பல் சீக்கிரம் கட்டிப்படும். தோட்டத்துக்கு மக்கவைத்துப் பயன்படுத்துவதே மேல். ஆனால் உங்கள் கொட்டாங்குச்சியை அரை அங்குலத் துண்டுகளாக உடைத்தால், இந்த அடுப்புக்கு அதைவிட நல்ல எரிபொருளை நான் பார்த்ததில்லை. அதை யாரும் தரக்குறைவு என்று சொல்ல முடியாது, விற்கும் விலையும் அப்படி.

மரத்தூளுக்கும் இதே பதில்தான். நடுவில் பாட்டிலை நிறுத்திச் சுற்றிலும் தூளை இடித்து, பாட்டிலை உருவிவிட்டுப் பற்றவைக்கும் பழைய மரத்தூள் அடுப்பு நம் ஊரில் நன்றாகவே வேலை செய்தது. அதில் காற்று நடுத்துளை வழியே போகிறது, தூளுக்குள் நுழைய வேண்டியதில்லை. வாயுவாக்க அடுப்பில் காற்று எரிபொருளுக்கு உள்ளேயே நுழைந்து ஏற வேண்டும்.

அளவுகோல்

மேலே சொன்னவை அனைத்தும் பயனுள்ளவை. இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, கார்பன் மோனாக்சைடு. சுடர் நன்றாக இருக்கும் வரை இந்த அடுப்பு விறகடுப்பைவிடப் பல மடங்கு தூய்மையானது. பெரிய ஆபத்து சுடர் அணைந்த பிறகுதான். வாயு தீர்ந்து கரி மட்டும் கனன்றுகொண்டிருக்கும்போது புகை தெரியாது, வாடையும் இருக்காது, ஆனால் மணமற்ற நச்சுவாயு தொடர்ந்து வெளியேறும். மஞ்சள் புகை வந்தால் நாம் தானாகவே எழுந்து வெளியே ஓடிவிடுவோம். இது அப்படி எச்சரிக்காது. கரி கொட்டிய டின்னை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் வைக்காதீர்கள், மழையாக இருந்தாலும் தாழ்வாரத்துக்கு வெளியே வையுங்கள். இறுக்கமான மூடி இருக்க வேண்டும். தொட்டால் சூடில்லை என்று நம்பித் திறந்த கரி, காற்றுப் பட்டதும் மறுபடியும் கனல்வதுண்டு. ஓர் இரவு முழுவதும் மூடியிருந்த பிறகே சாக்கில் கட்டுங்கள்.

இரண்டாவது, அளந்து பாருங்கள் என்பது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13152, 2013 தரநிலைப்படி, விசிறியுள்ள அடுப்புக்குக் குறைந்தது 35 சதவீதமும் விசிறியில்லாததற்கு 25 சதவீதமும் வெப்பத்திறன் இருக்க வேண்டும். ஆனால் ஓர் எரிபொருளை வைத்து அளந்த எண் மற்றோர் எரிபொருளுக்குப் பொருந்தாது. பெல்லட்டுக்குச் சான்று பெற்ற அடுப்பில் தோலைப் போடும் நாளிலிருந்து அது வேறோர் அடுப்பு. ஆகவே வீட்டுத் தராசே உங்கள் ஆய்வுக்கூடம். அன்று உடைத்த தோலில் சரியாக 1 கிலோ எடுத்துத் தனியாக வெயிலில் பரப்பி, எடை மேலும் குறையாத வரை காயவையுங்கள். குறைந்த கிராம்தான் ஈரம். பிறகு ஒரே சட்டி, 5 லிட்டர் தண்ணீர், மூடியோடு வைத்து, எத்தனை கிராம் எரிபொருளில் எத்தனை நிமிடத்தில் கொதிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விசிறி வேகத்தை மாற்றி, நொறுக்கும் அளவை மாற்றி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளந்தால், பத்து முறைக்குள் உங்கள் தோலின் குணம் உங்களுக்கே தெரிந்துவிடும்.

நீங்களே பெல்லட் செய்துகொள்ளலாமே என்று யாராவது சொல்லக்கூடும். தோலை மாவாக அரைக்க ஓர் இயந்திரம், 10 முதல் 15 சதவீத ஈரத்தில் அதை அச்சில் அழுத்த இன்னோர் இயந்திரம், இரண்டுக்கும் மின்சாரம் என்று பார்த்தால், இரண்டு பேர் நடத்தும் உருண்டைத் தொழிலுக்கு அது கட்டுப்படியாகாது. கையால் அழுத்தும் அச்சில் சாணம் கலந்து செய்யும் கட்டிகள் விறகடுப்புக்கு நல்லவை. இந்தச் சிறு உருளைக்குள் அவை உடைந்து பொடியாகிக் காற்றை அடைத்துவிடும்.

மல்லாட்டை வீடு (ஐந்து வாரங்களுக்குப் பின்)

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. செய்து பார்க்காமல் எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

எரிகுழியில் தண்ணீர் ஊற்றி அளந்தேன், 1 லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது. தண்ணீர் தெளிக்கும் விஷயமும் உண்மை. காய் உடைக்கும் முன்னிரவில் நாங்கள் எப்போதும் தெளிப்பது வழக்கம், அதைத் தோலோடு சேர்த்து யோசித்ததே இல்லை. அன்றைய தோல் 1 கிலோவை மாடியில் இரண்டு நாள் பரப்பிவைத்து நிறுத்தபோது 820 கிராம்தான் இருந்தது. 10 கிலோ தோலைச் சலித்ததில் 900 கிராம் மண்ணும் தூசும் கீழே விழுந்தது. அடுப்புக்குள் இத்தனை நாள் நான் மண்ணையும் தண்ணீரையும்தான் போட்டு எரிக்கப் பார்த்திருக்கிறேன்.

திண்டிவனத்தில் ஒரு வெல்டிங் கடையில் 15 சென்டிமீட்டர் விட்டத்தில் 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரண்டு உருளைகள் செய்து வாங்கினோம். பழைய அடுப்பின் விசிறியைக் கழற்றி, அடியில் ஒரு குழாய் வழியாகக் காற்றுப் போகும்படி வைத்து, குழாய்க்கு ஒரு தகட்டு அடைப்பும் போட்டிருக்கிறோம். கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு முழம் பள்ளம் எடுத்து, சுற்றிலும் செங்கல் கட்டி, உருளை உள்ளே இறங்கி நிற்கும்படி செய்தாயிற்று. சட்டி இப்போது பழைய மண்ணடுப்பின் உயரத்தில்தான் இருக்கிறது. முக்காலியில் உட்கார்ந்துகொண்டே பாகு கிளற முடிகிறது.

முதல் வாரம் சட்டியின் அடியெல்லாம் கரி பிடித்தது, சுடரும் மஞ்சளாக நீண்டு எழும்பியது. கீழ்க்காற்று அதிகம், மேல்காற்று குறைவு என்று புரிந்துகொண்டு, அடைப்பைப் பாதிக்கு மேல் மூடிவிட்டு, விளிம்பில் கூடுதலாக ஒரு வரிசைத் துளை போடச் சொன்னேன். அதன் பிறகு சுடர் குட்டையாகி, சட்டியின் அடியில் ஒட்டி நிற்கிறது. நொறுக்கிய தோல் 1 கிலோ 100 கிராம் அடங்குகிறது; 38 நிமிடம் எரிகிறது. ஒரு கொள்ளலில் இரண்டு ஈடு பாகு இறக்கிவிடுகிறோம். முதல் உருளை முடியப் போகும்போது இரண்டாவது உருளையை நிரப்பித் தயாராக வைத்திருப்பதால் வேலை நிற்பதில்லை. இடுக்கி போட்டுத் தூக்க இரண்டு பக்கமும் காது வைத்துக் கொடுத்திருக்கிறார் வெல்டிங் கடைக்காரர்.

மிளாரைச் செங்குத்தாக நிறுத்தித் தோலைக் கொட்டியபோது 45 நிமிடம் வரை போனது. ஆனால் மிளார் வெட்டுவதற்கே ஒரு ஆள் வேண்டியிருப்பதால், அதை அதிக ஈடு பிடிக்கும் நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். உமியை இப்போதைக்கு விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் கிடைப்பது ஹல்லர் உமிதான்.

சுடர் சிறுக்கும் கணத்தைப் பிடிப்பதுதான் இன்னும் பழகவில்லை. பாகின் மேல் கண் இருக்கும்போது அடுப்பின் மேல் கண் போகாது. அதனால் என் நாத்தனார் கைப்பேசியில் 35 நிமிடத்துக்கு மணி வைத்துவிடுகிறார். மணி அடித்ததும் ஒருவர் சட்டியை இறக்க, மற்றவர் விசிறியை நிறுத்தி உருளையைத் தூக்கிக் கிணற்றடியில் இருக்கும் மூடி டின்னில் கவிழ்க்கிறோம். பற்றவைக்கும்போது முதல் இரண்டு மூன்று நிமிடம் புகை இருக்கத்தான் செய்கிறது. பாகுச் சட்டியை அது தீர்ந்த பிறகே ஏற்றுவதால் வாடை பிடிப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் காயாது. அதற்காக இப்போதே வெயில் உள்ள நாளில் காய்ந்ததைச் சலித்து, உரச் சாக்குகளில் உள்ளே பிளாஸ்டிக் உறை போட்டுக் கட்டி, அடுப்பிலிருந்து தள்ளி நெல் குதிர் இருக்கும் அறையில் அடுக்கி வருகிறோம். இன்றுவரை 26 சாக்கு சேர்ந்திருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு கொள்ளல் என்று கணக்குப் போட்டால் மழைக்காலத்துக்கு இன்னும் 20 சாக்காவது வேண்டும். காய் வரத்து இருக்கும்போதே சேர்த்துவிட வேண்டும் என்று மாமனாரும் சல்லடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.